மூளைக்குள் ஒரு மின்கருவி: மனிதன் யாருக்கு உடைமை?

வேலூர் லாங் பஜாரில் காலை வேளையில் கூடும் கூட்டத்தில் உள்ளூர் மக்கள் மட்டுமின்றி, நாட்டின் பல மாநிலங்களிலிருந்தும் நோய் தீர்க்க வந்து, விடுதிகளில் தங்கிச் சமைத்துண்ணும் குடும்பத்தினரும் இருக்கின்றனர். காய்கறிப் பையோடு மருத்துவச் சீட்டையும் சுமந்து திரியும் மக்களை இவ்வூர் நூறாண்டுக்கும் மேலாக அறியும். அத்தகைய ஊரில் வாழும் நம்மிடம் இன்று ஒரு புதிய வினா வந்து நிற்கிறது. மனிதனின் மூளைக்குள் மின்கருவியைப் பொருத்தி, அதனைச் செயற்கை அறிவுக் கணிப்பொறியோடு இணைப்பது தகுமா? அது நோயைத் தீர்க்கும் கருணையா, அன்றி மனிதனையே மாற்றிவிடும் துணிச்சலா?

கழுத்துக்குக் கீழ் செயலிழந்த அமெரிக்க இளைஞர் நோலண்ட் ஆர்பாவின் மூளையில் 2024 ஜனவரியில் நியூராலிங்க் நிறுவனத்தின் கருவி பொருத்தப்பட்டது. எண்ணத்தாலேயே அவர் கணிப்பொறியில் சதுரங்கம் ஆடியதை உலகமே கண்டது. அதைக் கைப்பேசியில் கண்ட நம் இல்லங்களில் சிலர் வியந்தனர், சிலர் அஞ்சினர், "இறைவன் படைத்த மூளையில் மனிதன் கை வைக்கலாமா?" என்று கேட்டோரும் உண்டு. வியப்பும் அச்சமும் மட்டும் நமக்கு வழிகாட்ட மாட்டா. ஆகவே பொறுமையாக ஆராய்வோம்.

வேலூருக்குப் புதியதன்று

மூளையை மின்சாரத்தால் தொடும் மருத்துவம் நம் ஊருக்கு அயலானதன்று. இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை மருத்துவத் துறை 1949ஆம் ஆண்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலேதான் தொடங்கப்பட்டது. அதனைத் தொடங்கிய மருத்துவர் ஜேக்கப் சாண்டி கோட்டயத்தில் பிறந்தவர். கனடா நாட்டின் மொன்றியல் நகரில் புகழ்பெற்ற மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்று வந்தவர்.

அந்தப் பென்ஃபீல்டு வலிப்பு நோயாளரின் மண்டையோட்டைத் திறந்து, நோயாளர் விழித்திருக்கும்போதே மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்னோட்டத்தால் தொட்டுப் பார்ப்பார். மூளைக்கு வலியுணர்வு இல்லாமையால் இது இயன்றது. ஓரிடத்தைத் தொட்டால் கை தூக்கும். வேறோரிடத்தைத் தொட்டால் பழைய பாடலொன்று காதில் ஒலிப்பதுபோல் தோன்றும். ஆனால் கை தூக்கிய நோயாளர், தாம் அதைத் தூக்கவில்லை என்றும், மருத்துவரே தூக்கச் செய்தார் என்றும் தெளிவாகச் சொல்வார்கள். மின்சாரம் கையை அசைத்தது. ஆனால் "நான் அசைக்கிறேன்" என்னும் விருப்பத்தை அது உண்டாக்கவில்லை. பென்ஃபீல்டு 1975இல் வெளியிட்ட நூலில், மூளையின் இயக்கத்தை மட்டும் கொண்டு மனத்தை முழுவதும் விளக்கிவிட முடியும் என்று தமக்குத் தோன்றவில்லை என்ற முடிவுக்கே வந்தார்.

அதே 1975ஆம் ஆண்டில் சென்னையில் மருத்துவர் டி. எஸ். கனகா, மூளையின் ஆழத்தில் மின்முனைகளை நிலையாகப் பதிக்கும் சிகிச்சையை மேற்கொண்டார். இந்தியாவில் இத்துறைக்கு முன்னோடி அவரே. நரம்பியல் அறுவை மருத்துவத்தில் ஆசியாவிலேயே முதன்முதல் கால் பதித்த பெண்மணிகளுள் ஒருவராகிய அவர் 2018இல் மறைந்தார்.

கருவி செய்யும் நன்மை

இத்தகைய கருவிகள் இன்று செய்யும் நன்மையை நாம் மறுத்தல் ஆகாது. பிறவியிலேயே செவி கேளாத குழந்தையின் உட்செவியில் காக்ளியர் கருவியைப் பொருத்தினால், அது ஒலியை மின்துடிப்பாக மாற்றிச் செவிநரம்புக்கு நேரே அனுப்புகிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் வழியாக ஆறு வயதுக்குட்பட்ட ஏழைக் குழந்தைகளுக்கும் இது கிட்டுகிறது. தாயின் தாலாட்டை முதன்முறை கேட்டுத் திகைத்து விழிக்கும் குழந்தையின் முகத்தைக் கண்ட எவரும் இதனை இறைவனுக்கு எதிரானது என்று சொல்லத் துணியார்.

பார்க்கின்சன் என்னும் நடுக்குவாதத்தால் சோற்றை வாய்க்குக் கொண்டுபோக இயலாத முதியவருக்கு, மூளையின் ஆழத்தில் மின்முனை பொருத்தி நடுக்கத்தைத் தணிக்கும் சிகிச்சை 1987இல் பிரான்சின் கிரனோபிள் நகரிலிருந்து புதுவடிவில் பரவியது. இன்று உலகெங்கும் பல்லாயிரவர் அதனால் பயன் பெறுகின்றனர்.

திருச்சபையும் இதனைத் தடுக்கவில்லை. 1952 செப்டம்பரில் நரம்பு மண்டல ஆய்வாளர் மாநாட்டினருக்கு உரையாற்றிய பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் ஒரு தெளிவான வரம்பை வகுத்தார். மனிதன் தன் உடலுக்கு முழு உரிமையாளன் அல்லன். அதனை நற்பயனுக்குக் கொள்ளும் பொறுப்பாளன். முழு உடலின் நலத்துக்காக ஓர் உறுப்பின்மேல் சிகிச்சை செய்துகொள்ள அவனுக்கு உரிமை உண்டு. ஆனால் துன்பத்தைத் தணிக்கிறது என்பதற்காகவே, அவனுடைய சுதந்திரத்தை நிலையாக அழிக்கும் அல்லது பெரிதும் குறைக்கும் எதனையும் அவன் ஏற்றுக்கொள்ளலாகாது. அன்று கணிப்பொறி என்பது பெரும்பாலோர் கேள்விப்படாத ஒன்று. எனினும் இன்றைய வினாவுக்கு இந்த அளவுகோல் அப்படியே பொருந்துகிறது. கருவி மனிதனின் சுதந்திரத்தைத் திருப்பித் தருகிறதா, பறிக்கிறதா என்பதே நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி.

செயற்கை அறிவு சேரும்போது

பழைய கருவிகள் மூளைக்குத் துடிப்பை அனுப்பின. புதிய கருவிகளோ மூளையிலிருந்து துடிப்பை வாங்கி, அதன் பொருளைக் கண்டுபிடிக்க முயல்கின்றன. இதற்குச் செயற்கை அறிவு தேவைப்படுகிறது. பேச்சிழந்த நோயாளி ஒரு சொல்லைச் சொல்ல முயலும்போது எழும் ஆயிரக்கணக்கான துடிப்புகளைக் கணிப்பொறி அலசி, "இவர் சொல்ல வந்தது இதுவாக இருக்கலாம்" என்று ஊகிக்கிறது. முன்னும் பின்னும் வரும் சொற்களைக் கொண்டு வாக்கியத்தை நிரப்புகிறது.

2023இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார், நரம்புத் தளர்ச்சி நோயால் தெளிவான பேச்சை இழந்த ஒரு பெண்மணியை நிமிடத்திற்கு 62 சொற்கள் வேகத்தில் பேச வைத்தனர். பெரிய சொற்றொகுதியைப் பயன்படுத்தியபோது ஏறத்தாழ நான்கு சொற்களுக்கு ஒன்று பிழையாக வந்தது. அடுத்த ஆண்டிலேயே கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரப் பல்கலைக்கழகத்தார், வேறொரு நோயாளரிடம் 97 விழுக்காடு சரியாக வரச் செய்தனர். இது பெருஞ்சாதனைதான். ஆனால் ஒரு வினா எஞ்சுகிறது. கணிப்பொறி நிரப்பிய சொல், நோயாளி சொல்ல நினைத்த சொல்தானா? படுக்கையில் கிடப்பவர் தம் நிலத்தை யாருக்கு எழுதி வைக்கிறார் என்பதைக் கருவி ஊகித்துச் சொன்னால், அந்த வார்த்தைக்குப் பொறுப்பு யாருடையது? அவர் "ஆம்" என்றும் "இல்லை" என்றும் மறுமுறை உறுதிசெய்ய வழி வைக்காத கருவியை நம்பி எவரும் கையொப்பம் வாங்கலாகாது.

2025 ஆகஸ்டில் அதே ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர் இன்னொரு படி சென்றனர். வாய் அசைக்க முயலாமல் மனத்துக்குள்ளேயே பேசிக்கொள்ளும் சொற்களையும் ஓரளவு படிக்க முடிந்தது. திரையில் கண்ட உருவங்களை நோயாளர் மனத்துக்குள் எண்ணியபோது, சொல்லும்படி கேட்காத அந்த எண்களையும் கருவி ஓரளவு பிடித்தது. அதனால் ஆய்வாளரே ஒரு பூட்டை வைத்தனர். குறித்த ஒரு மறைச்சொல்லை நோயாளி மனத்துக்குள் நினைத்தால்தான் கருவி கேட்கத் தொடங்கும். பூட்டு வைக்க வேண்டும் என்று ஆய்வாளரே உணர்ந்தனர் என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட, இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏடு, மனச்சான்றை மனிதன் இறைவனோடு தனித்திருக்கும் உள்ளறையாகக் காட்டுகிறது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை உயிர் போவதாயினும் குரு வெளியிடலாகாது என்று நாம் சிறுவயதிலேயே கற்றோம். நாமே வாய் திறந்து சொன்னதற்கே அத்துணைக் காவல் உண்டெனில், சொல்லாமல் நெஞ்சுக்குள் வைத்திருப்பதற்கு எத்துணைக் காவல் வேண்டும்!

உலகம் இதனை உணரத் தொடங்கிவிட்டது. தென் அமெரிக்காவின் சிலி நாடு 2021இல் தன் அரசியல் சட்டத்தைத் திருத்தி, மூளையின் இயக்கத்துக்கும் அதிலிருந்து பெறும் தகவலுக்கும் பாதுகாப்பு அளித்தது. தலையில் அணியும் கருவி வழியாகத் திரட்டிய மூளைத் தகவலை அழிக்கும்படி அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023இல் ஒரு நிறுவனத்துக்கு ஆணையிட்டது. யுனெஸ்கோ 2025 நவம்பரில் நரம்புத் தொழில்நுட்ப அறநெறிகளை ஏற்றது. இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆயினும் அது மூளைத் தகவலுக்கென்று தனி வகுப்பு எதனையும் ஏற்படுத்தவில்லை.

செயற்கை வலியின் கதை

நம் ஊரின் வரலாற்றிலிருந்து இன்னொரு பாடமும் கற்கலாம். 1946இல் வேலூருக்கு வந்த மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் விரல்கள் நோயால் தாமாக உதிர்வதில்லை என்றும், வலியுணர்வு அற்றுப்போவதால் காயமும் தீப்புண்ணும் தெரியாமல் சிதைகின்றன என்றும் நிறுவினார். மடங்கிய கைகளை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். மரத்துப்போன பாதங்களுக்கு ஏற்ற மென்மையான ரப்பர் செருப்பு இங்கேதான் உருவாயிற்று. தோலும் செருப்பும் தொழிலாகக் கொண்ட இவ்வட்டாரத்துக்கு அது ஒரு பெருமை.

1966இல் அமெரிக்கா சென்றபின், வலியுணர்வு இழந்தோருக்குச் செயற்கையாக வலியுணர்த்தும் கருவியைச் செய்ய அவர் முயன்றார். கையுறையிலும் காலுறையிலும் அழுத்தத்தை அளக்கும் உணரிகளை வைத்தார். ஆபத்து வந்தால் முதலில் ஒலி எழுப்பச் செய்தார். பின்னர் விளக்கு எரியச் செய்தார். நோயாளர் இரண்டையும் பொருட்படுத்தவில்லை. ஆகவே மின் அதிர்ச்சி தரச் செய்தார். அப்போதோ, தாம் செய்ய விரும்பிய வேலைக்கு அது இடையூறு என்று தோன்றினால் கருவியின் விசையை அணைத்துவிட்டு வேலையைச் செய்தனர். பல ஆண்டு உழைப்புக்குப்பின் அம்முயற்சி கைவிடப்பட்டது. வலியை இறைவனின் கொடை என்றே பிராண்ட் பின்னாளில் எழுதலானார்.

இக்கதையில் இரு பக்கம் உண்டு. உடலோடு பிறந்த உணர்வை வெளிக்கருவியால் முழுவதும் ஈடுசெய்வது எளிதன்று என்பது ஒன்று. விசை யார் கையில் இருக்கிறது என்பது மற்றொன்று. பிராண்டின் நோயாளர் தாமே அணைத்தனர்; அதனால் தமக்கே தீங்கு தேடினர். எனினும் சுதந்திரம் அவர்களிடமே இருந்தது. நாளைய கருவியின் விசை நோயாளியின் கையில் இல்லாமல், கடல் கடந்த ஒரு நிறுவனத்தின் கணிப்பொறியில் இருந்தால் என்னாகும்?

யாருடைய நன்மைக்காக?

1960களிலும் 70களிலும் சென்னையில், கட்டுக்கடங்காத நடத்தையுடையோர் எனப்பட்டவர்களின் மூளையில் சிறு பகுதியை மின்சூட்டால் அழித்து அவர்களை அமைதிப்படுத்தும் அறுவை சிகிச்சைகள் நடந்தன. அவர்களுள் சிறுவரும் இருந்தனர். அம்மருத்துவர்களே 1988இல் 600க்கும் மேற்பட்ட சிகிச்சைகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டனர். அவர்கள் கொடியவர் அல்லர். துயருற்ற குடும்பங்களுக்கு உதவவே எண்ணினர். மூளைவளர்ச்சி குன்றிய பிள்ளையை நாளெல்லாம் கட்டிப்போட நேர்ந்த தாயின் கண்ணீரை நாம் எளிதாகப் பேசிவிடலாகாது. ஆயினும் ஒன்றைக் கேட்டே ஆகவேண்டும். அமைதி யாருக்கு வேண்டியிருந்தது? பிள்ளைக்கா, சுற்றியிருந்தோருக்கா? வாய் திறந்து "சம்மதம்" என்று சொல்ல முடியாதவனின் மூளையை மாற்ற, மற்றவரின் சம்மதம் போதுமா?

இந்திய மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 இதற்கு விடை தந்தது. மனநோய்க்காக மூளையில் அறுவை செய்ய வேண்டுமாயின் நோயாளியின் முழுமையான ஒப்புதலும், மனநல மறுஆய்வு வாரியத்தின் அனுமதியும் வேண்டும். சட்டம் வர ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. செயற்கை அறிவோடு கூடிய கருவிகள் அவ்வளவு காலம் காத்திரா.

கைவிடப்பட்டோர்

லாங் பஜாரில் ஒரு மிக்ஸி வாங்கும் இல்லத்தரசிகூட, "ரிப்பேர் வந்தால் யார் பார்ப்பார்கள்? உதிரி பாகம் கிடைக்குமா?" என்று கேட்காமல் பணத்தைக் கொடுப்பதில்லை. மூளைக்குள்ளும் கண்ணுக்குள்ளும் பொருத்தும் கருவிக்கு இக்கேள்வி இன்னும் எத்துணை முக்கியம்!

அமெரிக்காவின் செகண்ட் சைட் நிறுவனம், பார்வையிழந்தோரின் விழித்திரையில் பொருத்தும் கருவியை விற்றது. உலகெங்கும் 350 பேருக்கு மேல் பொருத்திக்கொண்டனர். 2019இல் நிறுவனம் அதன் தயாரிப்பை நிறுத்திற்று. மறு ஆண்டு திவாலின் விளிம்புக்குப் போயிற்று. பழுது வந்தால் பார்ப்பாரின்றி, செத்த கருவியைக் கண்ணுக்குள் சுமந்தபடி பலர் நின்றனர். ஆஸ்திரேலியாவில் வலிப்பு வருமுன் எச்சரிக்கும் மூளைக்கருவியின் ஆய்வு 2010இல் தொடங்கியது. நிறுவனத்திடம் பணம் தீர்ந்ததும் கருவிகளை அகற்ற நேர்ந்தது. தம் வாழ்வையே மாற்றிய கருவியை விலை கொடுத்தாவது வைத்துக்கொள்ள ஒரு பெண்மணி முயன்றும் பயனில்லை. அகற்றியபின், தம்மில் ஒரு பகுதியையே இழந்ததாக அவர் வருந்தினார்.

இவை எங்கோ நடந்தவை என்று எண்ண வேண்டாம். காக்ளியர் கருவியை இலவசமாகப் பெற்ற நம் ஏழைப் பிள்ளைகளுக்கும் காதுக்கு வெளியே அணியும் பகுதி சில ஆண்டுகளில் பழுதாகிறது, கம்பி அறுகிறது, பேட்டரி தேய்கிறது. அவற்றை மாற்றும் செலவு கூலிக் குடும்பத்துக்குத் தாங்காது. கேட்கத் தொடங்கிய பிள்ளை மீண்டும் மௌனத்தில் விழுவது, முன்பு கேளாதிருந்ததினும் கொடியது.

பாலாறு கற்பித்த நீதி

இங்கே நம் வட்டாரத்துக்குச் சொல்ல ஒரு சொல் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் ஆலைகள் நம் மக்களுக்குச் சோறு போட்டன. வெளிநாட்டுப் பணத்தைக் கொண்டுவந்தன. அதே ஆலைகளின் கழிவுநீர் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பாழானதாக ஆய்வொன்று கூறியதை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. பின்பு இரு நெறிகளை நாட்டின் சட்டமாகவே அறிவித்தது. தீங்கு நேருமென்று ஐயம் எழுந்தால், அறிவியல் முழு உறுதி தரும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும். தீங்கில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழில் நடத்துவோரையே சாரும். மாசுபடுத்தியவரே அதற்குரிய விலையைத் தரவேண்டும்.

ஆயினும் தீர்ப்பு வந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்து, 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் பாலாற்றைப் பற்றியும் இழப்பீட்டைப் பற்றியும் மீண்டும் ஆணையிட வேண்டியதாயிற்று. கெட்ட ஆற்றைத் திருத்துவது அவ்வளவு கடினம். கெட்டுப்போன மனித மனத்தைத் திருத்துவது அதனினும் கடினமன்றோ? ஆகவே ஆற்றுக்கு வகுத்த நெறியை மூளைக்கும் வகுக்க வேண்டும் என்பது நம் கருத்து. தீங்கில்லை என்று கருவி செய்வோர் முன்னரே மெய்ப்பிக்கட்டும். நிறுவனம் மூடினாலும் பொருத்தியவரின் வாழ்நாள் முழுதும் பராமரிக்கப் போதிய நிதியை முன்னரே ஒதுக்கி வைக்கட்டும்.

குணமாக்குதலும் மிகையாக்குதலும்

நோயைத் தீர்ப்பது ஒன்று. நலமாயிருப்பவனை மிகையாக்குவது வேறொன்று. பக்கவாதத்தில் கிடப்பவரைப் பேசவைக்கும் கருவி, நாளை தேர்வில் முந்த விரும்பும் மாணவனுக்கும், அதிகமாய் உழைக்கவைக்க விரும்பும் முதலாளிக்கும் விற்கப்படலாம். 2018இல் சீனாவின் சில ஆலைகளில் தொழிலாளரின் தொப்பிக்குள் மூளையலைகளைப் பார்க்கும் உணரிகள் வைக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. மறு ஆண்டில் அந்நாட்டுத் தொடக்கப்பள்ளி ஒன்றில் பிள்ளைகளின் கவனத்தை அளக்கத் தலைப்பட்டை அணிவித்தனர். பெற்றோர் உள்ளிட்ட பலர் எதிர்த்தபின் அது நிறுத்தப்பட்டது. ஆம்பூரின் ஷூ கம்பெனிகளில் தையல் பொறிமுன் அமரும் நம் பெண்மக்களின் தலையில் இத்தகைய பட்டையொன்று ஏறும் நாளை எண்ணிப் பாருங்கள். களைப்பைக் கண்டு ஓய்வு தருவார்களா, கூலியைக் குறைப்பார்களா?

பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ 1891இல் தொழிலாளர் உரிமைக்காகக் குரல் கொடுத்தார். அவர் பெயரையே 2025 மே மாதம் ஏற்றுக்கொண்ட பதினான்காம் லியோ, செயற்கை அறிவு எழுப்பும் புதிய சவாலை அதற்கு ஒரு காரணமாகச் சுட்டினார். அவ்வாண்டு ஜனவரியில் வத்திக்கான் வெளியிட்ட அறிக்கையும், செயற்கை அறிவு மனித அறிவின் விளைபொருளேயன்றி அதன் மறுவடிவமன்று என்று தெளிவுபடுத்தியது. மனிதனின் மாண்பு அவன் திறமையில் இல்லை. கண் தெரியாதவரும், நினைவிழந்த பாட்டியும், பேச்சறியா மழலையும் முழு மனிதரே.

குடும்பங்கள் கேட்க வேண்டியவை

இத்தகைய சிகிச்சை நம் இல்லத்தாருக்குப் பரிந்துரைக்கப்பட்டால் அஞ்சி ஓட வேண்டாம்; கண்ணை மூடிக்கொண்டு கையொப்பமிடவும் வேண்டாம். மருத்துவரிடம் மரியாதையோடு இவ்வினாக்களைக் கேளுங்கள்:

1. இது நிறுவப்பட்ட சிகிச்சையா, இன்னும் ஆய்வில் இருப்பதா? ஆய்வு எனில் அறநெறிக் குழுவின் அனுமதி உண்டா?

2. நோயாளி தாமே அறிந்து சம்மதிக்கிறாரா? பின்னர் வேண்டாமென்றால் அணைக்கவும் அகற்றவும் முடியுமா?

3. கருவி திரட்டும் தகவல் எங்குச் செல்கிறது? யார் பார்ப்பார்? அழிக்கக் கேட்கலாமா?

4. மின்கலம், உதிரி பாகம், மறு அறுவை ஆகியவற்றின் செலவை ஐந்து, பத்து ஆண்டுகளுக்குப்பின் யார் ஏற்பார்?

5. சிகிச்சைக்குப்பின் குணமும் நடத்தையும் மாறக்கூடுமா? மாறினால் யாரிடம் சொல்வது?

பங்குகளில் செவிநரம்புக் கருவி பொருத்திய பிள்ளைகளின் பெற்றோர் ஒன்றுகூடி ஒருவருக்கொருவர் துணை நிற்பதும், பேட்டரிக்கும் பழுதுபார்ப்புக்கும் பங்கு நிதியில் ஒரு சிறு பகுதியை ஒதுக்குவதும் நம்மால் இயன்ற அறச்செயல்களாகும். பெரிய சட்டங்கள் டில்லியில் பிறக்கட்டும். இந்தச் சிறிய இரக்கம் நம் கோவில் முற்றத்திலேயே தொடங்கலாம்.

இயேசு பெருமான் பார்வையற்ற பர்த்திமேயுவைக் குணமாக்குமுன், தாம் அவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவனையே கேட்டார். அவன் தேவை அவருக்குத் தெரியாததன்று. ஆயினும் கேட்டார், அவன் வாயால் சொல்லும்வரை காத்திருந்தார். மூளையைத் தொடும் ஒவ்வொரு மருத்துவரும், கருவி செய்யும் ஒவ்வொரு நிறுவனமும், நோயாளியைச் சுற்றி நிற்கும் ஒவ்வொரு குடும்பமும் முதலில் கற்க வேண்டியது அந்தக் காத்திருத்தலையே.